நான் பார்க்காத கோல்கள்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடைக்காரர். அடுப்பைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்து நின்றிருந்தார்.

மீன்கார அக்கா. பழவேற்காடு பக்கம். தினமும் மீன் கொண்டுவந்து சிப்காட் கேட் ஓரம் விற்கிறவர். அவர் மகன் எங்கள் டீமில் லெஃப்ட் பேக்.

கிரேன்காரர். நான் வேலை செய்யும் கம்பி மில்லில் மேலே கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர். பேச மாட்டார்.

வெல்டர். அவனும் எங்கள் மில்தான். பேச்சை நிறுத்த மாட்டான்.

கோல்கீப்பர். ஒரிசாக்காரன். பெயின்ட் கம்பெனியில் டிரம் உருட்டுகிற வேலை.

எட்டாம் நம்பர். எங்கள் ஃபார்வர்டு. ஆரம்பாக்கத்தில் வீடு. நெல் நிலம் கொஞ்சம் உண்டு. அது போதாமல் எங்கள் மில்லுக்கு வருகிறவன்.

என் மச்சான். என் பெண்டாட்டியின் தம்பி. அவன் எங்கள் ஆள் இல்லை. கடைக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே டீ குடித்தான்.

நான்.

மேசைமேல் நாலு கேட் பாஸ் கிடந்தது. மறுநாள் செமிஃபைனல்.

கேட் பாஸ் சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் டீமில் ஆடுகிறவர்கள் எல்லாரும் காண்டிராக்ட் ஆட்கள். ஒருவனுக்குக் கம்பி மில், ஒருவனுக்குப் பைப் மில், ஒருவனுக்குப் பெயின்ட். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது கிடையாது. வாரத்தில் ஒரு நாள் ஆஃப் உண்டு. அது எந்தக் கிழமையில் விழும் என்று சொல்ல முடியாது. ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டுக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்கு வெளியே. ஆட்டம் ஞாயிறு மூன்றரைக்கு.

டீம் ஆரம்பித்த புதிதில் ஏழு பேரோடு ஆடியிருக்கிறோம். எட்டு பேரோடு ஆடியிருக்கிறோம். பதினோரு பேர் சேர்ந்தாற்போல நின்றதே இல்லை. பிறகு ஒரு வழி பிடித்தோம். மறுநாள் டூட்டி இருக்கிற ஆட்டக்காரன் சனிக்கிழமை சாயங்காலம் தன் பாஸை டீக்கடை மேசையில் போட்டுவிட வேண்டும். எங்களில் மறுநாள் ஆஃப் உள்ளவனும் நைட் ஷிஃப்ட்காரனும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். எடுத்தவன் மறுநாள் அவனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவனுக்குப் பதிலாக உள்ளே போவான். காண்டிராக்டரின் சூப்பர்வைசருக்கு முகம் தேவையில்லை. தலை இருந்தால் போதும். காலையில் எண்ணுவார். சரியாக இருந்தால் திரும்பிப் போய்விடுவார்.

மற்ற டீமுக்கு ரசிகன் என்றால் கத்த வேண்டும். எங்கள் டீமுக்கு ரசிகன் என்றால் கம்பி இழுக்க வேண்டும். டீமுக்கு யார் அதிகம் பாடுபடுகிறானோ அவன் ஆட்டம் பார்க்க மாட்டான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நாங்களாக வைத்துக்கொண்ட முறை.

எட்டாம் நம்பருடைய பாஸை எப்போதும் நான்தான் எடுப்பேன். அவனுக்கு மில்லில் கட்டு கட்டுகிற இடத்தில் வேலை. கட்டிங் ஆகி வருகிற கம்பியைச் சேர்த்து, நுனியைத் தட்டிச் சமமாக்கி, கட்டுக் கம்பியால் முறுக்க வேண்டும். கம்பி சூடாகத்தான் வரும். பழகாதவன் கையைச் சுட்டுக்கொள்வான், இல்லாவிட்டால் காலில் போட்டுக்கொள்வான். எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். அதனால் பேசாமல் அந்தப் பாஸ் என் பக்கம் வந்துவிடும்.

மூன்று வருடத்தில் அவன் போட்டது இருபத்தாறு கோல். இது டீக்கடைக்காரர் கணக்கு. அதில் ஒன்றையும் நான் பார்த்தது இல்லை.

அவனுக்கு டூட்டி இல்லாத ஞாயிறு சில வந்தது. அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து ஆட்டம். ஐந்திலும் அவன் கோல் போடவில்லை. நான் வந்தால் கோல் போஸ்ட் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது என்று வெல்டர் சொல்லிக்கொண்டு திரிந்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீக்கடைக்காரருக்கு ஷிஃப்ட் கிடையாது. ஞாயிறு மத்தியானம் பெண்டாட்டியைக் கடையில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு ஆட்டம் விட்டதில்லை. திங்கள் காலையில் நான் டீ குடிக்கப் போனால் மேசைமேல் கிளாஸ்களை நிறுத்துவார். இந்தக் கிளாஸ் அவர்கள் கோல்கீப்பர். இந்த இரண்டு கிளாஸ் பேக். இந்த பன் எட்டாம் நம்பர். பன்னைப் பிடித்துக் கிளாஸ்களுக்கு நடுவில் ஓட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார்.

"லெஃப்ட்டு காலால அப்டியே ஒரு ஆட்டு ஆட்டினான் நைனா. இவன் இந்தாண்ட உழுந்தான். அவன் அந்தாண்ட உழுந்தான். உட்டான் பாரு. வலை பிச்சிக்கினு போச்சு."

நான் பன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் நல்ல மனுஷன். எனக்கு அவர்மேல் அவ்வளவு எரிச்சல் வரும். அந்தக் கண்ணைக் கழற்றி வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன். அவன் கட்ட வேண்டிய கட்டை நான் கட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அவன் கோல் போட்டிருக்கிறான். பார்த்தவர் இவர்.

எங்கள் பக்கத்தில் ஃபுட்பால் என்றால் இரண்டே டீம்தான். பச்சை, நீலம். ஆளுக்கொரு பெரிய கம்பெனி பின்னால் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிரவுண்டுக்குப் போவார்கள். அதுவும் டூட்டிதான். ரசிகர்களுக்குக் கம்பெனி பஸ். கடம்பத்தூரிலிருந்து ட்ரெயின் மாறி வருகிறவனும் உண்டு. சலூனில் உட்கார்ந்தால் பச்சையா நீலமா என்று கேட்டுவிட்டுத்தான் முகத்தில் சோப்பு தடவுவான். ஆரணியில் ஒரு கல்யாணத்தில் பச்சைக்காரர்கள் ஒரு பந்தி, நீலக்காரர்கள் ஒரு பந்தி என்று உட்கார்ந்ததை நானே பார்த்தேன். பரிமாறியவன் சாம்பாரை எந்தப் பக்கம் முதலில் ஊற்றினான் என்று சண்டை வந்தது.

அந்த பஸ்ஸைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததில்லை. பனியன், மேளம், பிரியாணிப் பொட்டலம், அதெல்லாம் போகட்டும். அவர்களைத் திட்டுவதற்கு ஆள் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பச்சைக்காரன் தோற்றால் நீலக்காரன் ஒரு வாரம் சொல்லிக் காட்டுவான். போஸ்டரைக் கிழிப்பான். இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் நினைத்துக்கொண்டே தூங்குகிறவர்கள்.

எங்களை யாரும் திட்டியது இல்லை. தோற்றுவிட்டு வந்தால், நல்லாத்தான் ஆடினீங்கப்பா என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். ஜெயித்தால், அப்படியா என்பார்கள்.

எங்களுக்கு ஜெர்ஸியும் கிடையாது. மில்லில் வருடா வருடம் பாதுகாப்பு வாரம் நடக்கும். உறுதிமொழி சொல்ல வைத்து ஆளுக்கொரு வெள்ளை டி-ஷர்ட் கொடுப்பார்கள். முதுகில் 'பாதுகாப்பே முதல்' என்று எழுதியிருக்கும். அதைச் சேர்த்து வைத்து ஜெர்ஸி ஆக்கினோம். கட்டுமேல் நம்பர் போடுகிற சிவப்பு பெயின்ட்டால் அந்த எழுத்துக்குக் கீழே நம்பர் எழுதினோம். என் வீட்டுக் கொடியில் நீல பனியன் காய்ந்தது. மச்சான் என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. நம்ம டீம் என்ன கலர் என்று ஒருநாள் கேட்டாள். வெள்ளை என்றேன். வெள்ளை ஒரு கலரா என்று கேட்டாள்.

இந்த வருடம் நாக் அவுட் போட்டியில் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம். இரண்டிலும் எட்டாம் நம்பர் கோல். இரண்டிலும் நான் மில்லில். செமிஃபைனலில் பச்சையோடு மோத வேண்டும் என்று வந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் என் மச்சான் பைக்கில் வந்தது. டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான். நாலு பாஸையும் நீல ரசிகர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றான். அவர்களிலும் எங்கள் காண்டிராக்டரிடம் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாலு பேரை அனுப்பி நாலு ஷிஃப்ட்டையும் பார்த்துக்கொள்வார்களாம். நாங்கள் எல்லாரும் கிரவுண்டுக்கு வந்து கத்த வேண்டுமாம். அவர்களும் மேளத்தோடு எங்கள் பக்கம் வந்து நிற்பார்களாம். பச்சைக்காரன் மூஞ்சி தொங்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும் அவர்களுக்கு.

வெல்டர் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாமி நீல பனியன் போட்டுக்கினு வந்துகிறாருப்பா. பிரியாணியும் உண்டாடா?"

மச்சான் உண்டு என்றான். மீன்கார அக்கா அவனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். கோல்கீப்பர் தன் பாஸை எடுத்து அவனிடமே கொடுத்துவிட்டான். மற்ற இரண்டையும் டீக்கடைக்காரர் எடுத்து நீட்டினார். நாலாவது எட்டாம் நம்பருடையது. அது என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதன்மேல் கையை வைத்துவிட்டேன்.

"மாமா, அதையும் குடு," என்றான் மச்சான்.

"இது வேணாம்."

"ஏன்?"

"நான் போறேன்."

எட்டாம் நம்பர் என்னைப் பார்த்தான். "இன்னாண்ணா, ஒரு தபாவாவது வந்து பாருண்ணா. இவ்ளோ ஜனம் வருது."

கட்டு கட்டுகிற வேலை புது ஆளுக்கு வராது, காலில் போட்டுக்கொள்வான், அப்புறம் பாஸ் யாருடையது என்று கிளறுவார்கள், டீமுக்கே பேஜாராகிவிடும் என்றேன். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்காக நான் கையை வைக்கவில்லை. அந்தப் பாஸுக்கு மச்சான் அனுப்ப இருந்த ஆளும் ரோலிங் மில்லில் பத்து வருடம் இருந்தவன். என்னைவிட வேகமாகக் கட்டுவான். எனக்கு அது தெரியும்.

அவன் பாஸில் ஒரு நீலக்காரன் உள்ளே போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. காரணம் பொறாமை. வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. ஆட்டம்தான் எனக்கு இல்லை. அவன் ஷிஃப்டாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பாஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இதுதான் நான் செய்த தப்பு.

ஞாயிறு அன்றைக்கு மில்லில் எங்கள் ஆட்கள் இரண்டே பேர். கீழே நான். மேலே கேபினில் கிரேன்காரர். அவருக்கு அன்றைக்குச் சொந்த டூட்டி. கிரேன் ஓட்ட மாற்று ஆள் அனுப்ப முடியாது.

எங்கள் மில்லின் மேற்குப் பக்கத் தகரத்தில் ஒரு ஷீட் காற்றில் போய்விட்டது. கிரேன் அந்தக் கோடிக்குப் போகும்போது அந்த ஓட்டை வழியாகக் கிரவுண்டின் ஒரு மூலை தெரியும். கார்னர் கொடி தெரியும். அந்தப் பக்கம் நிற்கிற ஜனம் தெரியும். பந்து தெரியாது. கோல் போஸ்ட் தெரியாது. கேபினில் உட்கார்ந்தால்தான் இதுவும். கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. மில் சத்தத்தில் மேளம் கேட்காது.

மூன்றரை தாண்டியதும் கிரேன் அடிக்கடி அந்தக் கோடிக்குப் போக ஆரம்பித்தது. தூக்க வேண்டிய கட்டு இந்தப் பக்கம் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிரேன்காரர் கேபினிலிருந்து ஒரு விரலைக் காட்டினார். யார் போட்டது என்று கையை ஆட்டிக் கேட்டேன். யோசித்தார். பிறகு தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். அவர் சட்டை நீலம். நீலம் குதிக்கிறது என்கிறார். நீலக்காரர்கள் எங்கள் பக்கம்தானே நிற்கிறார்கள். அவர்கள் குதித்தால் நாங்கள் கோல் போட்டிருக்கிறோம். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். என் டீம் கோல் போட்டதை அடுத்தவன் குதிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமை.

பிறகு கழுத்தில் கையை வைத்தார். பச்சை ஒன்று போட்டுவிட்டது என்று அர்த்தம். ஐந்து மணிக்கு முன்னால் மறுபடி சட்டையைத் தொட்டார். இரண்டு விரல் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் முறுக்கிக்கொண்டிருந்த கட்டை முறுக்கி முடித்தேன். அடுத்ததை எடுத்தேன்.

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் நீல பனியன். மேசைமேல் கிளாஸ் நிறுத்தியிருந்தது. பன் டீக்கடைக்காரர் கையில் இல்லை, ஒரு நீலக்காரன் கையில். மேளம் அடிக்கிறவனாம். எட்டாம் நம்பர் இரண்டு கோலையும் எப்படிப் போட்டான் என்று அவன் எனக்குச் சொன்னான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஆட்டம் பார்க்காத ஒரு பாவப்பட்டவன் என்று நினைத்து நிதானமாகச் சொன்னான்.

கோலைவிட வேறொன்றைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பேசினார்கள். பச்சைக்காரர்கள் எங்களைத் திட்டினார்களாம். முதல் கோல் விழுந்ததும் ஆரம்பித்தார்களாம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று கை தட்டிக் கத்தினார்களாம். ஹெல்மெட் எங்கேடா, ஷூ எங்கேடா என்று கேட்டார்களாம். இரண்டாவது கோலுக்குப் பிறகு அம்மா, அக்கா எல்லாம் வந்ததாம். மீன்கார அக்கா எழுந்து நின்று பதில் சொன்னாராம். அதை வெல்டர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

"எம் புள்ளைக்கு ஹெல்மெட்டு வேணாம்டா. உங்க கோலிக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க. பந்து அவன் மூஞ்சியாண்டியே போவுது, ஒண்ணும் பாக்க மாட்டேன்றான்."

பச்சைக்காரர்களே சிரித்துவிட்டார்களாம்.

ஒரு வாரம் இதையே பேசினார்கள். யார் எந்த வார்த்தை சொன்னான் என்று ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். வெல்டரை ஒருவன் குறி வைத்துத் திட்டினானாம். அவன் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களைத் திட்டிய ஒரே நாள். அன்றைக்கும் நான் அங்கே இல்லை.

புதன்கிழமை எட்டாம் நம்பர் மில் கேட்டில் எனக்காக நின்றிருந்தான். கையில் ஹெல்மெட் இல்லை. நீல டீமில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். கம்பெனி ரோலிலேயே நிரந்தர வேலை. எட்டு மணி நேரம்தான். அதிலும் இரண்டு மணி நேரம் கிரவுண்டு. ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபைனலில் எங்களுக்குத்தான் ஆடுவான். ஒரு போட்டியில் ஒரு டீம்தான் என்பது விதி. ஃபைனல் நீலத்தோடு.

"காலைல நாஷ்டாகூட அவுங்களே குடுக்கறாங்கண்ணா. முட்டையோட."

தலையை ஆட்டினேன்.

"போவட்டுமாண்ணா?"

போகாமல் என்ன செய்வான். போ என்றேன். அவன் காண்டிராக்டரிடம் சொல்லிவிட்டானாம். சொன்ன அன்றைக்கே பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம்.

"ஞாயித்துக்கெழம எனக்கு டூட்டியே இல்லண்ணா. நீ வந்துடு."

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவன் போகிறான், அதனால் எனக்கு ஆட்டம் கிடைக்கிறது. கேட்டுக்கு உள்ளே போனேன். கட்டு கட்டுகிற இடத்தில் அவன் இடத்துக்குப் புது ஆள் வந்திருந்தான். கையைச் சுட்டுக்கொண்டு உதறிக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்படிப் பிடிப்பது என்று காட்டவில்லை. அன்றைக்கு எனக்கு மனசில்லை. எட்டாம் நம்பர்மேல் பொறாமை, நீலக்காரன்மேல் பொறாமை. சாப்பிடும்போது அந்த முட்டைமேலும் பொறாமை.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். ஞாயிறு காலை எட்டுக்கு வெளியே வந்து, வீட்டில் இரண்டு மணி நேரம் படுத்து, குளித்துவிட்டுக் கிளம்பினேன். பெண்டாட்டி நல்ல சட்டை எடுத்து வைத்திருந்தாள். அவள் தம்பி எதிர்ப்பக்கம் நிற்கப் போகிறான்.

இரண்டரைக்கே போய்விட்டேன். கோட்டை ஒட்டி நல்ல இடமாகப் பார்த்து நின்றேன். டீக்கடைக்காரரும் வெல்டரும் மீன்கார அக்காவும் வந்தார்கள். நீலக்காரர்கள் எல்லாரும் அவர்கள் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். எதிரே மச்சான் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று எனக்குக் கை காட்டினான். இந்தப் பக்கம் நாங்கள்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்குப் பச்சைக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நேராக எங்கள் பக்கம் வந்தார்கள். போன வாரம் ஹெல்மெட் கேட்டவர்கள். இந்த வாரம் நீலம் தோற்க வேண்டும், அதற்காக எங்களுக்குக் கத்த வந்திருக்கிறார்கள். ஒருவன் டீக்கடைக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு, இன்னாண்ணே நம்ம டீம் எப்படி என்றான். நீட்டுத் துணியில் பேனர் கொண்டுவந்திருந்தார்கள். அதை எங்களுக்கு முன்னால் பிடித்தார்கள். மீன்கார அக்கா கீழே இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். கொஞ்சம் இறக்கினார்கள். பிறகு தூக்கிவிட்டார்கள்.

நான் அங்கிருந்து கிளம்பினேன். கிரவுண்டைச் சுற்றி நடந்து நீல டீமின் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். எதிரில் சூரியன். அதனால் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியபோது எதிர்க் கோலுக்குப் பின்னால் போனேன். அங்கே சூரியன் முதுகுப் பக்கம். எட்டாம் நம்பர் எந்தக் கோலுக்குப் பந்தடிக்கிறானோ அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் பழகுகிறவர்கள். எங்கள் ஆட்கள் சனிக்கிழமை பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். ஒரிசாக்காரன் விழுந்து விழுந்து பிடித்தான். பிடித்தும் மூன்று உள்ளே போனது.

எழுபது நிமிஷம் இருக்கும். மீன்கார அக்காவின் மகன் எங்கள் பாதியிலிருந்து ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். எட்டாம் நம்பர் அதை நெஞ்சில் வாங்கிக் கீழே போட்டான். எனக்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்தான். அவன் முகம் எனக்குத் தெரிந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டீக்கடைக்காரர் பன்னை வைத்துக் காட்டியது மாதிரி ஒன்றும் இல்லை. ஆட்டவில்லை. யாரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விழவில்லை. ஒரு பேக் முன்னால் வந்தான். இவன் ஓடுவதை நிறுத்தி, நடந்தான். இரண்டு அடி நடந்தான். அந்த பேக்கும் நின்றுவிட்டான். அந்த நேரத்தில் இவன் பந்தைக் காலின் உள்பக்கத்தால் தள்ளிவிட்டான். உதைக்கவே இல்லை. கட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி நுனியைத் தட்டிச் சமமாக்குவோம், அந்த மாதிரி ஒரு தட்டு. அவர்கள் கோல்கீப்பர் மறுபக்கம் சாய்ந்திருந்தான். பந்து மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டி என் முன்னால் வலையில் வந்து நின்றது. வலை அசையக்கூட இல்லை.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பழக்கம் இல்லை.

அதற்குள் கை தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்திலிருந்து இல்லை. நீலக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மூன்று கோல் கையில் இருக்கிறது, இந்த ஒன்று போனால் அவர்களுக்கு என்ன. ஒன்றாம் தேதி அவன் அவர்கள் ஆள். மச்சான் கோட்டோரமாகவே ஓடி என்னிடம் வந்தான். மூச்சு வாங்கியது.

"மாமா, பாத்தியா? நம்ம ஆளு, இன்னா கூலா உட்டான் பாத்தியா?"

நம்ம ஆளு என்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. எட்டாம் நம்பர் வலைக்குள் வந்து பந்தை எடுத்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான். பந்தை எடுத்துக்கொண்டு நடுக் கோட்டுக்கு ஓடினான். முதுகில் பாதுகாப்பே முதல். அதன் கீழே என் கையால் எழுதிய நம்பர். பெயின்ட் வேர்வையில் ஊறிக் கொஞ்சம் உரிந்திருந்தது.

பிறகு அவர்கள் இன்னொன்று போட்டார்கள். ஆட்டம் முடிந்ததென்று ரெஃப்ரி விசில் ஊதினார்.

டீக்கடைக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பச்சைக்காரர்கள் பேனரைத் தூக்கிவிட்டார்களாம். அவருக்கும் வெல்டருக்கும் மீன்கார அக்காவுக்கும் துணிதான் தெரிந்ததாம். மூன்று வருடத்தில் அவர் பார்க்காத கோல் இது ஒன்றுதான்.

"நீ கிட்டயே நின்னுகினு இருந்தியே நைனா. எப்டி போட்டான், சொல்லு."

நன்றாகத் தெரியவில்லை, சூரியன் கண்ணில் அடித்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்கப் போனார்.

மறுநாள் டீக்கடையில் கிளாஸ் நிறுத்தியிருந்தது. பன்னைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் அதை டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டேன்.

ராத்திரி டூட்டிக்குப் போனேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். கிரேன்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஞாயிறும் அவருக்கு டூட்டி. ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறார். பச்சை குதித்ததா, நீலம் குதித்ததா, இரண்டும் சேர்ந்து குதித்ததா என்று அவருக்கு விளங்கவில்லை. முடிவு தெரியாமலே ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. ஏணியில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். எட்டாம் நம்பர் போட்டானா, எப்படிப் போட்டான், முழுதாகச் சொல் என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டே கணக்கை மட்டும் சொன்னேன்.

நாலு, ஒன்று.